ஆக்ராய்ட் வீட்டுப் பரண் ஏணி

"மேல போய்ப் பாரு கண்ணு. உங்க வேலையில பாதிய அவரே முடிச்சு வெச்சுட்டாரு."

கதவைத் திறந்ததும் மொரீன் ஆக்ராய்ட் சொன்ன முதல் வார்த்தை அதுதான். முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

இங்கிலாந்தின் இந்த ஹாலிஃபாக்ஸில் வீடு வீடாகப் போய்த் தச்சு வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இந்தப் பயத்தைப் பற்றிச் சொல்வார்கள். தன் வீட்டில் இன்னொருவர் வேலை செய்வதைச் சும்மா உட்கார்ந்து பார்க்க இந்த ஊர்க்காரர்களுக்குக் கூச்சம். அதனால் நாங்கள் வருவதற்கு முன்னாலேயே எதையாவது பிரித்துப் போட்டு வைப்பார்கள். டைல்ஸை உடைத்திருப்பார்கள், நிலையோடு கதவைப் பெயர்த்திருப்பார்கள். கெட்ட எண்ணம் கிடையாது. ஒரு கை கொடுக்கிறார்களாம்.

என் பின்னால், என்னோடு வேலை செய்கிற கானர் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். மேட்டில் ஏற முடியாமல் வண்டியைக் கீழே கடைத்தெருவிலேயே விட்டுவிட்டு, பரணில் பொருத்த வேண்டிய ஏணிப் பெட்டியையும் அதன்மேல் கட்டிய இரண்டு மரச்சட்டங்களையும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கி வந்திருந்தோம். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"பாதின்னா எந்தப் பாதிங்க?" என்று கேட்டான்.

"ஓட்டை போடற பாதி" என்றார் மொரீன்.

நானும் கானரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பெட்டியைக் கூடத்திலேயே வைத்துவிட்டு நான் இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

மாடி நடையில், சுவரில் சாய்த்து வைத்த இரண்டு பெரிய பிளைவுட் பலகைகள். அவற்றின்மேல் பச்சைப் புல்வெளி, பாலம், தண்டவாளம், விரல் நீளத்தில் ஒரு ரயில்வே ஸ்டேஷன். பொம்மை ரயில். கதவளவு அகலம் ஒவ்வொன்றும். அதற்குப் பக்கத்தில் ஒரு மடக்கு ஏணி. நிமிர்ந்து பார்த்தேன்.

பழைய பரண் திறப்பு ஒரு சின்னச் சதுரமாக இருந்திருக்க வேண்டும். இப்போது அது ஒரு மாட்டை ஏற்றுகிற அளவுக்கு விரிந்திருந்தது. அதன் நடுவே, குறுக்காகப் போயிருக்க வேண்டிய சட்டம் இல்லை. இரண்டு பக்கமும் அதன் வெட்டுண்ட முனைகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வெட்டிய இடத்தை மொரீனின் கணவர் மணல்தாள் போட்டு வழவழப்பாகத் தேய்த்தும் இருந்தார்.

இங்கே ஓட்டுக் கூரையைத் தாங்குவது ஒல்லியான மரங்களால் ஆன முக்கோணங்கள். டிரஸ் என்போம். வரிசையாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் ஆள் தோளை ஒடுக்கிக்கொண்டு நுழைகிற இடைவெளி. முக்கோணத்தின் அடியில் சுவருக்குச் சுவர் போகிற சட்டம்தான் கூரை இரண்டு பக்கமும் விரிந்து போகாமல் இழுத்துப் பிடித்திருக்கிறது. பார்த்தால் ஏதோ துணி காயப்போடுகிற கம்பு மாதிரி இருக்கும். ரம்பத்தை வைத்தால் கேக் மாதிரி அறுபடும். பரண் ஏணி எவ்வளவு குறுகலாக இருந்தாலும் அந்த இடைவெளிக்குள்தான் வைக்க வேண்டும். சட்டத்தில் கை வைக்கவே கூடாது. எங்கள் முதலாளி நைஜல் அளவெடுக்க வந்தபோது இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

"வந்தாச்சா?" மேலே இருட்டிலிருந்து கனத்த குரல் வந்தது. "நல்ல சமயத்துக்கு வந்தீங்க. ஒரு பலகைய நானும் மொரீனும் காலையிலயே ஏத்திட்டோம். மிச்சம் ரெண்டையும் தூக்கிக் குடுத்துட்டீங்கன்னா முடிஞ்சுது."

மடக்கு ஏணியில் ஏறித் தலையை நீட்டினேன். கிளிஃப் ஆக்ராய்ட் பரணின் கடைசியில், பக்கச் சுவரை ஒட்டி, ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. ஓய்வு பெறுவதற்கு முன்னால் சுற்றுலா பஸ் ஓட்டியவர் என்று நைஜல் சொல்லியிருந்தார். தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சம் என் கண்ணில் அடித்தது. அவர் இருந்த இடத்திலிருந்து திறப்பு வரைக்கும் பலகை பாவியிருந்தார். கடைசிப் பலகையின் முனை, அந்த வெட்டுண்ட சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது. அவர் நடந்து திரும்பி வர வேறு வழியில்லை.

கூரைமேல் ஈரப் பனி. நேற்று இரவெல்லாம் கொட்டியது. காலையில் வெயில் வந்ததிலிருந்து உருக ஆரம்பித்திருந்தது.

கானரும் என் பக்கத்தில் தலையை நீட்டினான். அவனுக்கு மனதில் பட்டது உடனே வாயில் வந்துவிடும். "யோவ், என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? கூரையத் தாங்கற கட்டையப் போய் அறுத்திருக்கீங்களே. இறங்குங்க கீழ."

"கூரைய ஒரு கட்டையா தாங்குது?" என்றார் கிளிஃப். "இத்தனை கட்டை இருக்கு. ஒண்ணு போனா மத்ததெல்லாம் லீவு போட்டுடுமா?"

"அது அப்படி இல்லங்க..."

"தம்பி, நான் ரெண்டு ஷெட்டு கட்டினவன். உங்க முதலாளிக்குச் சோம்பல். சின்ன ஏணின்னா சீக்கிரம் மாட்டிட்டுப் போயிடலாம்னு பாக்கறாரு. அந்த ஓட்டையில என் பலகை எப்படி ஏறும்? இங்க பாரு, எவ்வளவு கெட்டியா இருக்குன்னு." எழுந்து நின்று, பலகையில் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

டிக்.

சின்னச் சத்தம். யாரோ விரலைச் சொடுக்கியது போல. நான் சத்தம் வந்த இடத்தைப் பார்த்தேன். முக்கோணத்தின் மரங்களை இணைப்பது பல் பல்லாக இருக்கும் ஒரு இரும்புத் தகடு. மரத்தில் அழுத்திப் பதித்திருப்பார்கள். வெட்டிய சட்டத்தின் தலைமாட்டில் இருந்த தகடு ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. அதன் பற்கள் புது வெள்ளியாய் மினுங்கின. இன்று காலை வரை மரத்துக்குள் இருந்த பற்கள்.

அவர் இரண்டாவது முறை மிதிக்கக் காலைத் தூக்கினார்.

போன மாதம் ஒரு வாடிக்கையாளர் என்னைப் பற்றி நைஜலிடம் புகார் சொல்லியிருந்தார். 'அந்தப் பொண்ணு எங்களுக்கு உத்தரவு போடறா' என்று. அதிலிருந்து எனக்கு ஒரு வீட்டில் வாயைத் திறக்கவே பயம். நான் தப்பாகச் சொல்லி, தீயணைப்பு வண்டியை வரவழைத்து, கடைசியில் ஒன்றுமே ஆகாமல் போனால் என்கிற எண்ணமும் அந்த நொடியில் ஓடாமல் இல்லை. ஆனால் தகடு பொய் சொல்லாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இவரை மிரட்டினால் நிரூபிக்க மிதிப்பார். அழைத்தால் அந்த அறுந்த சட்டத்தின் மேலேயே நடந்து வருவார். இரண்டும் கூடாது. அடியில் முட்டுக் கொடுக்கிற வரைக்கும் அவர் அந்தப் பெட்டிமேல் அசையாமல் உட்கார வேண்டும்.

"மிஸ்டர் ஆக்ராய்ட்" என்றேன். "கீழ இருக்கற பலகையில ஒரு ஸ்டேஷன் பாத்தேனே. அது எந்த ஊரு?"

தூக்கிய கால் நின்றது. "எது, செங்கல் கட்டடமா, ஓட்டுக் கூரை போட்டதா?"

"செங்கல்."

"அது எந்த ஊரும் இல்ல." பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தார். "நானே பேர் வெச்சது. மொரீன்தார்ப். எங்க பக்கம் தார்ப்னா கிராமம்."

கானரின் காதருகே குனிந்தேன். "வண்டியில இருக்கற இரும்பு முட்டு ரெண்டையும் கொண்டா. போற வழியில தீயணைப்புக்கும் போன் பண்ணு."

"கடைத்தெரு வரைக்கும் போகணும் மேடி." மாதங்கி என்று சொல்ல அவனுக்கு வராது.

"ஓடு."

அவன் படியில் இறங்கிய சத்தம் கேட்டது. பிறகு வெளிக்கதவு. நான் கூடத்துக்குப் போய், ஏணிப் பெட்டிமேல் கட்டியிருந்த மரச்சட்டம் ஒன்றை உருவிக்கொண்டு வந்தேன். திறப்பைச் சுற்றி அடிக்கக் கொண்டுவந்த சட்டம். நிறுத்தினால் தரையிலிருந்து மேலே எட்டும், ஆனால் ஒரு முனைக்குத்தான். இன்னொன்று குட்டை.

"மொரீன்தார்ப்ல எத்தனை பிளாட்பாரம்?" என்று குரல் கொடுத்துக்கொண்டே டேப்பை மேலே விட்டேன். அளவைக் குறித்துக்கொண்டு சட்டத்தை அறுக்க ஆரம்பித்தேன்.

"ரெண்டுதான். சின்ன ஊரு. ஒரு பேக்கரி இருக்கு, ஒரு சர்ச்சு. பப் ரெண்டு."

"சர்ச் ஒண்ணு, பப் ரெண்டா?"

"அதுதான் சரியான கணக்கு." சிரித்தார். சிரித்தபோது பெட்டி நகர்ந்தது. பலகை முனகியது. "என்ன அறுக்கற கண்ணு?"

"உங்க ஏணிக்குத்தான் சட்டம்."

"அகலமாத்தானே?"

"நீங்க ஸ்டேஷனுக்கு அப்புறம் என்ன வருதுன்னு சொல்லுங்க."

சொன்னார். பாலம் வரும், பிறகு சுரங்கம், பிறகு கடலோரம். நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஸ்கார்பரோ கடற்கரைக்குப் போய், அவர்கள் ஐஸ்கிரீம் தின்கிற நேரமெல்லாம் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பாராம். அப்போது எதிரே ரயில் போகுமாம். அந்த டிரைவரைப் பார்த்துப் பொறாமையாக இருக்குமாம், தண்டவாளத்தில் எவனும் குறுக்கே வரமாட்டான் என்று. நான் கம்பளத்தின்மேல் ஒரு பலகைத் துண்டைப் போட்டு, அறுத்த சட்டத்தை அதன்மேல் நிறுத்தி, தலையை வெட்டுண்ட முனையின் அடியில் கொடுத்தேன். விரலளவு இடைவெளி. இரண்டு ஆப்பைச் சீவி எதிரெதிராகச் செருகி, சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். ஓங்கித் தட்ட முடியாது. அதிர்ச்சி மேலே போகும்.

டிக்.

"அது என்ன சத்தம்?" என்றார் கிளிஃப்.

"என் சுத்தியல்" என்றேன்.

ஆப்பு பிடித்துக்கொண்டது. ஒரு முனை நின்றது. மறு முனை காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கானர் வரவில்லை.

அப்போதுதான் கீழேயிருந்து மொரீன் குரல் கொடுத்தார். "கிளிஃப்! டீ ஆச்சு. வா, ஆறிடும்."

இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு எழாத ஆளே கிடையாது. மேலே பெட்டி சரக்கென்று நகர்ந்தது. "வர்றேன்" என்றார் கிளிஃப். தலைவிளக்கின் வெளிச்சம் கூரையில் ஆடியது.

நான் படியில் பாதி தூரம் ஓடினேன். மொரீன் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். மூன்று கோப்பை. அவர் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னேன். "அவர் அங்கிருந்து அசையக் கூடாது. அசைஞ்சா கூரை இறங்கிடும். பயமுறுத்தினா கேக்க மாட்டாரு. ஏதாவது சொல்லி உக்கார வைங்க."

மொரீன் என்னைப் பார்த்தார். பிறகு படிக்கட்டின் மேலே, உள்கூரையில் ஓடியிருந்த ஒரு மெல்லிய விரிசலைப் பார்த்தார். காலையில் அது இருந்திருக்காது போலும். தட்டை அப்படியே படியில் வைத்தார். அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"கிளிஃப், அங்கயே இரு. பிஸ்கட் தீந்துபோச்சு. புது டின்னைத் திறக்கணும்."

மேலே அசைவு நின்றது. "எந்த டின்?"

"கிறிஸ்துமஸ் டின்."

"அத ஈஸ்டர் வரைக்கும் தொடக் கூடாதுன்னியே. நான் போன வாரம் கேட்டப்ப கையத் தட்டிவிட்டே."

"இன்னிக்குத் திறக்கறேன்."

"சாக்லேட் போட்டதெல்லாம் உள்ள இருக்கா?"

"நீ உக்காந்தாதான் இருக்கும். எழுந்து வந்தே, எல்லாத்தையும் இந்தப் பொண்ணுக்குக் குடுத்துடுவேன்."

"இது என்ன அநியாயம்" என்றார் கிளிஃப். ஆனால் பெட்டி மறுபடி முனகியது. உட்கார்ந்துவிட்டார்.

மொரீன் டின்னை எடுக்கப் போகவில்லை. என்னோடு மேலே வந்து, திறப்பின் அடியில் நின்றுகொண்டார். நான் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். தலையை ஆட்டினார், நகரமாட்டேன் என்று. என்னிடம் மெதுவாக, "அவர் கண்ணுல நான் படணும்" என்றார்.

வெளிக்கதவு படாரென்று திறந்தது. கானர் இரண்டு இரும்பு முட்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தான். முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது. "தீயணைப்பு வருது. ஆனா ரோடு..." என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஒன்றை வாங்கினேன். பலகைத் துண்டை வைத்து, முட்டை நிறுத்தி, உள்குழாயை இழுத்து, ஊசியைச் செருகி, திருகைச் சுற்ற ஆரம்பித்தேன். அதன் தலை மறு முனையை இன்னும் தொடவில்லை.

அப்போது தலைக்கு மேலே ஏதோ சறுக்குகிற சத்தம் ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு ஒரு லாரி சரளை கொட்டுவது போல. வெயில் பட்ட பக்கத்துப் பனி முழுவதும் ஒரே மூச்சாக வழுக்கிக்கொண்டு போய்த் தோட்டத்தில் விழுந்தது. ஜன்னல் ஒரு நொடி இருண்டது. கூரையின் இந்தப் பக்கம் பாரம் போய்விட்டது. அந்தப் பக்கத்துப் பாரம் அப்படியே இருந்தது. முக்கோணம் முழுதும் ஒரு பக்கமாக உதறிக்கொண்டது.

தகடு பிய்ந்த சத்தம் டிக் இல்லை. துப்பாக்கி மாதிரி கேட்டது. உள்கூரையின் ஜிப்சம் பலகை படிக்கட்டு வரைக்கும் ஒரே கோடாகக் கிழிந்தது. வெள்ளைத் தூள் எங்கள்மேல் கொட்டியது. மறு முனை ஒரு சாண் இறங்கி என் முட்டின் தலையில் இடித்து நின்றது. என் கைகள் திருகைவிட்டு நகரவில்லை. சுற்றினேன். இன்னும் சுற்றினேன். என் மரச்சட்டம் வில் மாதிரி வளைந்து, ஆப்பில் கீச்சென்று ஒரு சத்தம் விட்டு, நின்றது. கானர் இரண்டாவது முட்டை அதன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டிருந்தான்.

தூள் அடங்க நேரமாயிற்று. மேலே விளக்கு வெளிச்சம் அதே இடத்தில் இருந்தது.

"கண்ணு" என்றது மேலேயிருந்து ஒரு குரல். கனம் இல்லாத குரல். "நான் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கட்டுமா?"

"இருங்க" என்றேன். "நாங்க சொல்றப்ப வாங்க."

இரண்டு முட்டையும் இறுக்கினோம். முனை இரண்டும் அசையாமல் நின்றதைக் கையால் தட்டிப் பார்த்தேன். பிறகு கானர் மேலே ஏறி, பலகையைத் தொடாமல் பக்கத்து டிரஸ்ஸின் சட்டங்களின்மேல் வயிற்றால் ஊர்ந்து போனான். அவரையும் அதே மாதிரி ஊர்ந்து வரச் சொன்னான். அந்த உடம்போடு வர வெகு நேரம் பிடித்தது. பாதம் மடக்கு ஏணியில் பட்டதும் மொரீன் அவருடைய கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். கடைசிப் படி இறங்குகிற வரைக்கும் விடவில்லை.

தீயணைப்பு ஆட்கள் வந்தபோது நாங்கள் கீழே சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். மேலே போய்ப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லாரையும் வெளியே அனுப்பினார்கள். பக்கத்து வீட்டில் எல்லாருக்கும் டீ கிடைத்தது. தலையெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்த கிளிஃப் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பனிதான் காரணம்" என்றார் கடைசியில்.

மொரீன் எழுந்தார். வெட்டி எடுத்த சட்டத்தில் ஒரு சின்னத் துண்டை எப்போது எடுத்துக்கொண்டு வந்தார் என்று தெரியவில்லை. கோட்டுக்குள்ளிருந்து எடுத்து மேசையில், கூடவே கொண்டுவந்திருந்த கிறிஸ்துமஸ் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பனிதான் மணல்தாள் போட்டுத் தேய்ச்சுதா?" என்றார்.

சிரிப்பில் கானருக்கு டீ புரையேறியது.

டிரஸ்ஸுக்கான பொறியாளர் வரைபடம் வர நாளாயிற்று. அதுவரைக்கும் ஆக்ராய்ட் தம்பதி மகள் வீட்டில் இருந்தார்கள். வரைபடத்தில் சொன்னபடி வெட்டிய இடத்தின் இரண்டு பக்கமும் நீளமான மரங்களை வைத்து, போல்ட்டு போட்டு இறுக்கினோம். பிய்ந்த தகடு இருந்த இடத்தில் பிளைவுட் துண்டுகளை இருபுறமும் வைத்து ஆணி அடித்தோம். பிறகு முட்டுகளை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தினேன். மரம் நின்றது. உள்கூரைப் பலகையை மாற்றிய பிறகு, பக்கத்து இரண்டு டிரஸ்ஸுக்கு நடுவில், நைஜல் முதலில் சொன்ன இடத்திலேயே, சட்டம் அடித்து ஏணிப் பெட்டியைத் தூக்கிப் பொருத்தினோம். மூடியை இறக்கினால் ஏணி மடிப்பு விரிந்து தரையைத் தொடும். கிளிஃப் தோளை ஒடுக்கிக்கொண்டு ஏறி இறங்கிப் பார்த்தார். இரண்டு முறை.

அன்று காலையிலேயே ஏற்றிவிட்ட முதல் ரயில் பலகை மேலே பத்திரமாக இருந்தது. மற்ற இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. ஒன்றை எடுத்துத் திறப்பின் கீழே பிடித்துப் பார்த்தோம். ஒரு கையளவு அகலம் அதிகம்.

கிளிஃப் அதைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். மொரீன்தார்ப் ஸ்டேஷன், பேக்கரி, இரண்டு பப். பென்சிலை எடுத்துப் பாலத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு கோடு போட்டார். அழித்தார். கொஞ்சம் தள்ளி, வயலின் நடுவே இன்னொரு கோடு போட்டார். ரம்பத்தைக் கையில் எடுத்துவிட்டு, அறுக்காமல் என்னைப் பார்த்தார்.

"இங்க அறுக்கலாமா கண்ணு?"

"அது உங்க பலகைங்க. நீங்க எங்க வேணா அறுக்கலாம்."

"தெரியும்" என்றார். "இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

நான் குனிந்து, பலகையின் ஒரு ஓரத்தைத் தூக்கி, அது எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, "அறுங்க" என்றேன்.